இரு கரைக் கடிதங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு நாடுகளுக்கு இடையே வாழ்கின்றவனுக்கு யதார்த்தம் என்பது எவ்வாறு தோற்றமளிக்கிறது என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இப்படியொரு தலைப்பைக் கேட்டதும் இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருந்துகொண்டு ஊரைப் பற்றி எழுதும் எழுத்தாளர் ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்வோம். நான் அவ்வளவு தூரம் போனவனல்ல. ஹற்றன் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தேன். தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றேன். கடவுச்சீட்டு எடுத்ததே முப்பத்து மூன்றாவது வயதில்தான். ஆனாலும் இரண்டு நாடுகளுக்கு இடையில் வாழ்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். மலையகத்தில் பிறந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

‘ஊர்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். எங்கள் லயத்தில் ஊர் என்றால் அது நாங்கள் இருந்த இடமல்ல. இருந்த இடத்துக்குத் ‘தோட்டம்’ என்று பெயர். ஊர் என்பது இந்தியாவில், துறையூருக்குப் பக்கத்தில் இருந்தது. என்னுடைய தாத்தா அங்கிருந்து வந்தவர். அப்பா தோட்டத்திலே பிறந்தவர். அந்த ஊரை ஒரு நாளாவது கண்ணால் கண்டவரல்லர். ஆனால் “நம்ம ஊர்ல கெணத்துத் தண்ணி இனிக்கும்” என்று அவர் சொல்லும்போது, காலையில்தான் அந்தக் கிணற்றில் முகம் கழுவிவிட்டு வந்தவர் போலச் சொல்வார். லயத்து வாசலில் இருந்த பீலித் தண்ணீரை அவர் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. அதைத்தான் ஐம்பது வருடம் குடித்தார்.

இது வெறும் ஏக்கமல்ல. ஏங்குவதற்கு முதலில் ஓர் இடத்தைப் பிரிந்திருக்கவேண்டும். அப்பா எதையும் பிரியவில்லை. காணாத கிணறு அவருக்குக் கண்ட பீலியைவிட மெய்யாக இருந்தது. நான் இன்று பேசவந்தது இந்த விசித்திரத்தைப் பற்றித்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவு செய்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. மக்கள் விண்ணப்பம் போட்டார்கள். சிலர் இந்தியாவுக்கு, சிலர் இலங்கைக்கு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமுமாகப் போட்ட வீடுகள் எத்தனையோ.

எங்கள் அப்பா இலங்கைக்குப் போட்டார். (துறையூர்க் கிணற்றின் இனிப்பை அவ்வளவு சொன்னவர், போடவேண்டிய இடத்தில் இலங்கை என்றுதான் போட்டார். ஏனென்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.) அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் இந்தியாவுக்குப் போட்டிருந்தார்கள். 1973ஆம் ஆண்டு ஆடி மாதம் அக்காவும் அத்தானும் புறப்பட்டார்கள். ஹற்றன் புகையிரத நிலையத்தில் கோச்சி ஏறி, தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்தக் காலத்தில் அந்த மேடையில் நடந்தவற்றை வர்ணிக்க நான் விரும்பவில்லை. நம் எழுத்தாளர்கள் அதைப் போதிய அளவு வர்ணித்துவிட்டார்கள்.

இதையொட்டி இலக்கியம் பற்றி ஒரு வார்த்தை. நான் வாசித்த தாயகம் திரும்புதல் பற்றிய மலையகக் கதைகளில் பெரும்பாலானவை அந்தப் புகையிரத மேடையில் முடிந்துவிடுகின்றன. கோச்சி நகர்கிறது, கை அசைகிறது, கண்ணீர் வடிகிறது, முற்றும். அதற்குப் பிறகு? போனவர்கள் போன இடத்தில் என்ன ஆனார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆகவே எழுதவில்லை. அது நேர்மைதான், குறை சொல்வதற்கில்லை. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் யதார்த்தத்தை வலியுறுத்திய காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். கண்டதை எழுது, வாழ்வை எழுது என்பது எங்களுக்கு வேதம். ஆனால் வாழ்வில் பாதி கடலுக்கு அப்பால் போய்விட்டால், கண்டதை மட்டும் எழுதுகிறவன் பாதியைத்தானே எழுதமுடியும்? மற்றப் பாதி கடிதத்தில் வருகிறது. கடிதத்தில் வருவது யதார்த்தமா?

கடிதம் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கடிதம் எழுதியவன் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பாவுக்குக் கையொப்பம் மட்டும் வரும். குப்பி விளக்கடியில் நான் தாளை வைத்துக்கொண்டு உட்காருவேன். அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். அப்பா இஸ்தோப்பில் இருந்தபடி இடைக்கிடை ஒரு சொல் போடுவார். “இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்திற்கு எழுதவும்.” இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் உண்மை எதையும் வைக்க இடமில்லை என்பது பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அக்காவிடமிருந்தும் கடிதம் வந்தது. சேலத்துப் பக்கம் ஓர் ஊரில் வியாபாரத்துக்கென்று கடன் கொடுத்திருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறோம், கடை நன்றாக நடக்கிறது என்று எழுதியிருந்தாள். நான் அந்தக் கடையைக் கட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே கடை எங்கள் தோட்டச் சந்தியிலிருந்த கடைதான். ஆகவே சேலத்துக் கடையிலும் நீல நிறப் பலகைக் கதவு வைத்தேன்; வாசலில் வாழைக்குலை தொங்கவிட்டேன்; வெளியே மழைத் தூறலும் போட்டேன். சேலத்தில் வெயில் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டங்களில் அதைப் பஞ்சம் என்றே சொன்னோம். கூப்பன் மா கிடைத்த கிழமையும் உண்டு, கிடைக்காத கிழமையும் உண்டு. அப்பா கவ்வாத்து வெட்டும் வேலை செய்தவர், திடகாத்திரமானவர். ஆறு மாதத்தில் பாதியாகிப் போனார். 1974 ஓகஸ்டில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள்தான்.

அடக்கம் முடிந்து வந்த அன்றிரவே சித்தப்பா வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்றார். அந்த நாளில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்கு எவ்வளவு மதிப்பு என்பது நேயர்களுக்குத் தெரியும். வெலிமடையில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்ச்சேரும். கடலைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்கும். சித்தப்பா அதைத்தான் சொன்னார்: “புள்ளைக்கும் கேட்கும்.”

அம்மா அதற்காகவே மறுத்துவிட்டாள்.

அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முதல் ஒன்று கலைந்திருந்தது. “அந்தப் பக்கம் தனியா கெடக்குறா. ரேடியோவுல அப்பன் பேரக் கேட்டா அவ தாங்குவாளா? பொறந்ததும் எழுதுவோம்” என்றாள். அதுவும் நியாயமாகவே இருந்தது. அந்த மாதக் கடிதத்தில் நான் எழுதினேன்: “அப்பாவுக்குச் சற்று இருமல். மற்றப்படி சுகம்.”

நேயர்களே, நான் எழுதிய முதலாவது கற்பனை வாக்கியம் அதுதான்.

பிள்ளை கார்த்திகையில் பிறந்தது. ஆண் குழந்தை. பால் குடிக்கிற பிள்ளை, இப்போது எழுதினால் பால் வற்றிவிடும் என்றாள் அம்மா. பிறகு தை வந்தது. நல்ல மாதத்தில் எப்படி எழுதுவது? பிறகு சித்திரை. பிறகு, இவ்வளவு நாள் மறைத்துவிட்டு இனி எப்படி எழுதுவது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். பொய்யில் இது ஒரு கட்டம். பயத்தினால் தொடங்கியது வெட்கத்தினால் தொடரும்.

இதற்கிடையில் அப்பா கடிதங்களில் வளரத் தொடங்கினார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டார். செத்த பிறகு என் கையால் நிறையப் பேசினார். பேரனுக்கு என்ன பெயர் வைக்கவேண்டும் என்று சொன்னார். வெந்நீரில்தான் குளிப்பாட்டவேண்டும் என்றார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது பற்றி ஒரு பந்தி நிறைய அபிப்பிராயம் சொன்னார். அது 1975இல் நடந்தது. அப்பாவோ அதற்கு முந்திய வருடமே போய்விட்டார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, “அவரு இப்படித்தான் சொல்லியிருப்பாரு” என்பாள். சில நேரம், “இதச் சொல்லமாட்டாரு, அத எடு” என்பாள். நான் அடித்துவிட்டு வேறு எழுதுவேன்.

இப்படி ஏறத்தாழ ஒன்றரை வருடம், பாக்குநீரிணையின் ஒரு கரையில் அப்பா இறந்திருந்தார். மறு கரையில் உயிரோடு இருந்தார்.

இதை ஒரு குடும்பத்தின் தனிக்கதை என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: பிற்காலத்தில் நான் ஆசிரியனாகப் போன தோட்டங்களிலெல்லாம் இதுபோன்ற சங்கதிகளைக் கேட்டிருக்கிறேன். மகன் சிறையிலிருப்பதை மறைத்த தாய், வேலை போனதை மறைத்த மருமகன், இரண்டாம் தாரம் கட்டியதை மறைத்த அண்ணன். அந்தக் கரையில் இருப்பவர்களை வருத்தவேண்டாம் என்பதுதான் எல்லோருக்கும் காரணம். ஒப்பந்தத்தின்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். அத்தனை பேருக்கும் இரு பக்கத்திலும் கடிதம் எழுதியவர்கள் இருந்தார்கள். இந்தக் கடிதங்களையெல்லாம் ஒன்றுசேர்த்தால், எந்த வரைபடத்திலும் இல்லாத இரண்டு நாடுகள் கிடைக்கும். சேலத்துக் கடை நன்றாக நடக்கும் ஓர் இந்தியா. அப்பா இருமிக்கொண்டிருக்கும் ஓர் இலங்கை.

நம் இலக்கியம் இதைத் தொட்டிருக்கிறதா என்றால், தொட்டிருக்கிறது. கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ என்று பெயர் வைத்தார். ஒப்பந்தம் எழுதப்பட்ட அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து இலங்கையைப் பார்த்தபோது தெரிந்த பச்சை அது. பிறகு, இங்கிருந்து அந்தப் பக்கம் பார்த்தவர்களுக்கும் ஒரு பச்சை தெரிந்தது. அதற்கும் முன்னதாக, 1935இல், புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் மருதியைக் கடலுக்கு அக்கரைக்கு அனுப்பினார். தெளிவத்தை ஜோசப் தம் சிறுகதைத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று தலைப்பிட்டது 1979இல். இரத்தினம்போல ஒரு தலைப்பு. ‘இருக்கும்’ என்ற சொல்லில் எவ்வளவு பிடிவாதம்! வந்த நாடோ போகும் நாடோ அல்ல, இருக்கும் நாடு.

ஆங்கிலத்தில் எழுதுகின்ற மைக்கல் ஒன்டாச்சியையும் இந்த இடத்தில் நினைக்கவேண்டும். 1954இல், பதினொரு வயதில் இலங்கையைவிட்டுப் போனவர், 1978இலும் 1980இலும் திரும்பிவந்து, உறவினர்கள் சொன்ன கதைகளையும் வதந்திகளையும் சேர்த்துத் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1982இல் வெளியானது. அதிலும் ஒரு தந்தை இருக்கிறார். அவருடைய கடைசிக் காலத்தில் மகன் அருகில் இல்லை. மற்றவர்களின் வாயிலிருந்து அவரைத் திரட்டி எடுக்கப்பார்க்கிறார் மகன். அந்தத் தந்தை தோட்டத்துரையாக இருந்தவர். பங்களாவின் ஜன்னலிலிருந்து தெரியும் மலைக்கும் லயத்து வாசலிலிருந்து தெரியும் மலைக்கும் வித்தியாசம் உண்டுதான். அதை மறந்துவிட்டு அந்த நூலை என்னால் வாசிக்க முடிந்ததில்லை. ஆனால் ஒரு விடயத்தில் அவரிடம் எனக்கு மதிப்பு. தாம் எழுதுவதை அப்படியே வரலாறாகக் கொள்ளவேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். தொலைவிலிருந்து எழுதுகிறவன் அதைச் சொல்லிவிடவேண்டும். நான் சொல்லவில்லை.

மீண்டும் கடிதத்துக்கு வருகிறேன்.

1975 பங்குனியில் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக நீளமானது. வெயில் தாங்கமுடியவில்லை, நீலகிரிப் பக்கம் போனால் தேயிலை வேலை கிடைக்கும் என்று சொல்கிறார்கள், நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள், அத்தான் போகலாம் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பாவிடம் கேட்டு எழுது, அப்பா என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்வோம் என்று எழுதியிருந்தாள்.

நீலகிரிக்கு எங்கள் ஆட்கள் போனதற்குக் காரணம் இருந்தது. தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அதில் வேலை கிடைத்தவர்களும் உண்டு. கிடைக்காமல் மற்றவர்களின் மலைக்காய்கறி நிலங்களில் கூலி செய்தவர்களும் உண்டு. கொடைக்கானல் மலையில் வாட்டில் மரத்தின் பட்டை உரிக்கப் போய், முற்பணத்துக்குக் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஒரு மலையைக் காட்டித் தேயிலை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் போய்விடுவார்கள். கை பழகிய இடம் அதுதானே.

இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. என்ன பதில் எழுதப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். எழுதப்பட்டது. இரண்டு மாதத்தில் அக்கா கோத்தகிரி முகவரியிலிருந்து எழுதினாள்.

1976 தைப்பொங்கலுக்குப் பின் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு போனார். கோத்தகிரிச் சந்தையில் அக்காவைக் கண்டிருக்கிறார். துக்கம் விசாரித்திருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அக்காவின் கடிதம் வந்தது. அதில் அழுகையில்லை, ஏச்சில்லை. இரண்டு வரி. எந்தத் திகதி, என்ன திதி என்று எழுதவும். நான் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவள் எழுதவில்லை.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதோடு தாயகம் திரும்புவதும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே நின்றுவிட்டவர்களின் கதை தனிக்கதை. 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்துதான் அவர்களில் பலருடைய தவிப்பு முடிந்தது. அம்மா அதற்கெல்லாம் முன்னதாகவே, மகளைக் காணாமலே கண்ணை மூடினாள். அந்தச் செய்தியை மறைக்கவில்லை. தந்தி அடித்தேன்.

நான் அக்காவைப் பார்த்தது 1994இல். இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு. விமானத்தில் திருச்சிக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம், பிறகு மலை ஏறவேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஏற, பாக்கு மரங்கள் போய்க் குளிர் வந்தது, கடைசியில் தேயிலை. எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் வெளிநாட்டுக்கு வந்திருக்கிறேனா, கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு ஏறுகிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர் “சிலோனா?” என்று கேட்டார். பேச்சிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

அக்காவையும் அங்கே ‘சிலோன்காரம்மா’ என்றுதான் அழைத்தார்கள். இங்கே எங்களை ‘இந்தியாக்காரன்’ என்றார்கள், ‘கள்ளத்தோணி’ என்றார்கள். அங்கே போனால் சிலோன்காரன். ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அங்கே அலுவலகப் பெயர். அக்கா ஹற்றனில் பிறந்தவள். ஒருபோதும் போகாத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்பமுடியும் என்று நான் கேட்டேன். “கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு” என்றாள்.

துறையூர்ப் பக்கத்து ஊருக்கு அவள் ஒரு தடவை போயிருக்கிறாள். கிணறு இருந்ததாம். தண்ணீர் சப்பென்று இருந்ததாம். “அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு நெனச்சிக்கிட்டேன்” என்றாள். அது 1975 தொடக்கத்தில். அப்பா செத்து ஐந்து மாதம்.

சேலத்துக் கடை பற்றிக் கேட்டேன். சிரித்தாள். கடையே இருக்கவில்லை. கடன் பணத்தை வாங்கித் தருகிறேன் என்று வந்தவனே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தான் கல்லுடைக்கப் போயிருக்கிறார். இவள் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்திருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு. “அப்பா கவலப்படுவாருன்னு எழுதல.” ஆக, இல்லாத ஒருவர் கவலைப்படக்கூடாது என்பதற்காக இல்லாத ஒரு கடையை அவள் நடத்தியிருக்கிறாள்.

மாலையில் வானொலியைப் போட்டாள். பழைய பெட்டி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாளும் இலங்கை வானொலி கேட்பாளாம். இரண்டு நாட்டுக்கும் அப்போது ஒரே நேரம்தான், இப்போதும் அப்படித்தான். “நேரம் சொன்னா, இப்ப லயத்துல அம்மா அடுப்பு மூட்டுவா, இப்ப பெரட்டுக்குத் தப்படிப்பாங்கன்னு நெனச்சிப்பேன்” என்றாள். மரண அறிவித்தலும் கேட்பாளா என்று கேட்டேன். தவறாமல் கேட்பாளாம். அம்மா சரியாகத்தான் கணித்திருக்கிறாள்.

இரவு சாப்பிட்ட பிறகு ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தாள். என் கடிதங்கள். அப்பா இறந்த பிறகு எழுதியவற்றைத் தனியாக ஒரு நூலால் கட்டி வைத்திருந்தாள். பதினான்கு. அப்பா தன்னோடு அதிகம் பேசியது அந்தப் பதினான்கு கடிதங்களில்தான், வீட்டில் இருந்த இருபது வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

திவசம் பற்றியும் சொன்னாள். நான் அனுப்பிய திகதியில் அவளால் கும்பிட முடியவில்லையாம். “அந்தத் தேதிக்கு அப்புறந்தானே என் புள்ளைக்குப் பேரு வச்சாரு?” சந்தையில் அந்த மனிதர் சொன்ன நாளைத்தான் அவள் திவச நாளாக வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் ஆவணியில் படைக்கிறோம். அவள் வீட்டில் மாசியில் படைக்கிறார்கள். இன்றுவரை அப்படித்தான். அப்பாவுக்கு இரண்டு நாட்டிலும் வெவ்வேறு நாள்.

இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்வார்கள். கைத்தொலைபேசியில் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். ரொறொன்ரோவிலிருக்கும் மகன் தகப்பனின் இறுதிக் கிரியைகளைத் திரையில் பார்த்துக்கொண்டே அழுகிறான். மறைக்க ஏலாது என்று நினைக்கிறீர்களா? கமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது இப்போதும் நம் கையில்தான் இருக்கிறது. என் சொந்த மருமகள் வெளிநாட்டிலிருந்து பேசும்போது எப்போதும் ஒரே சுவருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். நான் கேட்பதில்லை.

அந்தப் பதில் கடிதத்துக்கு வருகிறேன். 1994இல் அந்த இரவு அக்கா கட்டை அவிழ்த்து அதை எடுத்தாள். “அப்பா சொல்லச் சொன்னார்: மலை பழகின உடம்பு, வெயில் தாங்காது, மலைக்கே போ” என்று என் பதின்மூன்று வயதுக் கையெழுத்தில் இருந்தது. இந்த வரியை நம்பித்தான் வந்தோம் என்றாள். வந்த இடத்தில் அத்தான் நாலு வருடத்தில் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அவள் கேரட் தோட்டத்திலும் தேயிலையிலுமாக வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள். நல்லது, கெட்டது என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“இத அம்மா சொன்னாளா, தம்பி? நீயா எழுதினியா?”

அம்மா சொன்னது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைத் திரும்பக் கட்டினாள்.

அம்மா அன்று ஒன்றுமே சொல்லவில்லை, நேயர்களே. “எனக்குத் தெரியல, நீ பாத்து எழுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதை எழுதியவன் நான். மலை பழகின உடம்பு என்றெல்லாம் எனக்கு ஒரு யோசனையும் இருக்கவில்லை. சேலத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எவ்வளவு முயன்றாலும் அந்தக் கடை வாசலில் மழைதான் பெய்தது. அக்கா தேயிலைக்குள் நின்றால் அவளை எனக்குத் தெரியும். கூடையோடு, தலையில் கொங்காணியோடு, பனிக்குள் நிற்பது தெரியும். அதற்காகத்தான் போகச் சொன்னேன்.

அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். இந்த உரை ஒலிபரப்பாகும் நேரத்தை அவளுடைய பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் எடுத்து, காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்கச் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.